கருவுக்குச் சர்க்கரை ஸ்கோர்: யாராவது பார்த்திருக்கிறீர்களா?

மஞ்சக்குப்பத்தான்:
தங்கை நியூஜெர்சியில் இருக்கிறாள். ஐவிஎஃப்பில் (உடலுக்கு வெளியே கருத்தரிக்க வைக்கும் முறை) கிடைத்த கருக்களை உறைய வைத்துவிட்டு, எந்த நோய் வர எவ்வளவு வாய்ப்பு என்று மரபணு ஸ்கோர் போட்டுப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் அம்மா, மாமா எல்லாருக்கும் சர்க்கரை, அதனால்தான். வீடியோ காலில் ரிப்போர்ட்டைக் காட்டினாள். ஒவ்வொரு கருவுக்கும் நேராகச் சர்க்கரை, மாரடைப்பு என்று சதவீதம். சர்க்கரைக்கு ஒரு கருவுக்கு 31, இன்னொன்றுக்கு 27. இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த அம்மா ஊசியைக் கையில் பிடித்தபடியே கேட்டார்: "அது என்ன சாப்பிட்டு வளரும்னு அதுல போட்டிருக்கா?" யாருக்கும் பதில் வரவில்லை. 31 போட்டிருந்த கருதான் நன்றாக வளர்ந்திருக்கிறது என்று லேபில் சொன்னார்களாம். மாப்பிள்ளை பிடிவாதமாக 27-ஐ வைக்கச் சொன்னார். நிற்கவில்லை. அந்த நாலு சதவீதம் இன்னும் என்னை உறுத்துகிறது.

லாஸ்பேட்டை வாசி:
மாப்பிள்ளை மேல் பழி போடாதீங்க அண்ணா. நல்ல தரம் என்று சொல்லி வைத்த கருவே எனக்கு நிற்காமல் போயிருக்கிறது. ஆனால் அந்த ஸ்கோர் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் மரபணுவை வைத்துப் போட்ட கணக்கு. நம்மவர்களுக்கு அது அவ்வளவு சரியாக வராது. நானும் இங்கே டாக்டரிடம் கேட்டேன். இந்தியாவின் 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, ஏற்கெனவே தெரிந்த பரம்பரை நோய்க்குத்தான் கருவைச் சோதிக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

முத்தியால்பேட்டை அம்மா:
எல்லாச் சோதனையையும் ஒன்றாகப் போட்டுப் பேசாதீங்க. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தசோகை நோய்) மரபணு உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மூத்தவனுக்கு வந்துவிட்டது. ரத்தம் ஏற்ற நரம்பு கிடைக்காமல் நர்ஸ் புறங்கையைத் தட்டுவார். மூத்தவன் அழாமல் மறு கையை நீட்டுவான். அடுத்த பிள்ளைக்குச் சென்னையில் கருவைச் சோதித்தோம். ஒரே மரபணு, நோய் வரும், வராது என்று தெளிவாகச் சொன்னார்கள். சர்க்கரை அப்படி இல்லை. நூற்றுக்கணக்கான மரபணு மாற்றங்கள் துளித்துளியாகச் சேர்ந்து, அப்புறம் சாப்பாடும் உடம்பு எடையும் சேர்ந்து வருவது.

தம்பி, தங்கையிடம் சொல்லுங்க. மீதிக் கருக்களில் எதை வைப்பது என்று லேபில் சொல்வதைக் கேட்கட்டும். ரிப்போர்ட்டை மரபணு ஆலோசகர் ஒருவரிடம் காட்டட்டும். ஒரே அப்பா அம்மாவின் கருக்களுக்குள் பெரிய வித்தியாசம் வருவது குறைவு. கரு நின்றதும் கர்ப்ப காலச் சர்க்கரையை விடாமல் பார்க்கணும். நீங்களும் பாருங்க, 30 தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள்.