காசிமேடு: தொலைபேசியில் இரைச்சல், அறுபடும் இணையம், பழுது எங்கே?

நண்பர்களே, காசிமேட்டில் அம்மா வீட்டில் பழைய செம்புக் கம்பி இணைப்பு, ஏ.டி.எஸ்.எல். இணையமும் அதிலேயே. ஐப்பசி மழைக்குப் பிறகு ரிசீவரை எடுத்தாலே கரகரவென்று இரைச்சல். அழைப்பு மணி அடித்தால் மோடத்தில் டி.எஸ்.எல். விளக்கு அணைந்துவிடுகிறது. விடியற்காலையில் மோசம், வெயில் ஏறினால் ஓரளவு தேவலை. அம்மா தனியாக இருக்கிறார். வீட்டுக்குள் செல்பேசி சிக்னலும் எட்டாது.

ஸ்பிளிட்டர் (பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் சிறு பெட்டி), மோடம், வயர் எல்லாம் மாற்றியாயிற்று. உள் வயரிங்கைக் கழற்றிவிட்டு, வாசல் பெட்டியிலேயே தொலைபேசியை நேராக இணைத்தாலும் அதே இரைச்சல். ஆகவே பழுது வெளியேதான். அந்தப் பெட்டியின் திருகுகளில் கடற்காற்றால் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. சுரண்டி, கம்பி நுனியைப் புதிதாகச் சீவி முறுக்கியும் பயனில்லை.

ரிசீவரை வைத்த நிலையில் 48 வோல்ட் இருக்க வேண்டும். மல்டிமீட்டரில் காலையில் 36, மதியம் 47. எஸ்.என்.ஆர். மார்ஜின், அதாவது இரைச்சலைத் தாங்க இணைய சிக்னலுக்கு மிஞ்சும் இடைவெளி, காலையில் 5 டெசிபல்தான். லைன்மேன் பொறுமையாகத்தான் பார்த்தார். ஆனால் வந்தது உச்சி வெயிலில், பழுது தென்படவில்லை.

கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியிலா, தரைக்கடி கேபிள் இணைப்பிலா பழுது என்று வீட்டிலிருந்தே அளந்து கண்டுபிடிக்க வழி உண்டா?