தட்டேக்காட்டில் அம்மாவால் நடக்க முடியுமா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி. ஆனாலும் தீக்காகம் என்ற காட்டுப் பறவையைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார். கோதமங்கலம் வழியாகக் கேரளத்தின் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்துக்குப் போகலாமா? ஏற்றம் அதிகமா?

கோவைவாசி: பெரியாற்றங்கரைத் தாழ்நிலக் காடு, மூச்சு வாங்காது. டிசம்பரில் அப்பாவை அழைத்துப் போனேன். வழிகாட்டி காட்டிய கிளையில் ஐந்து நிமிடம் எனக்கு வெறும் சருகுதான் தெரிந்தது. பிறகு சருகு ஒரு கண்ணைத் திறந்தது. தவளைவாயன் என்ற இரவுப் பறவை! பக்கத்தில் ஒட்டிக்கொண்டு அதன் ஜோடி. அப்பா மட்டும் முதலிலேயே பார்த்துவிட்டாராம். இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

மழைப்பிரியை: மழைக்காலம் வேண்டாம், அட்டை விடாது. பளிச்சென்ற சட்டையும் வேண்டாம். தீக்காகம் கீழ்க்கிளைகளில் அசையாமல் உட்காரும், அண்ணாந்தே தேடாதீர்கள்.

கேட்டவர்: நன்றி. அட்டைக்கு அம்மா அஞ்ச மாட்டார், நான்தான் அலறுவேன். ஜனவரியிலேயே போகிறோம்.