ஒரு கணினியில் ரெண்டு மொனிட்டர்: ஒன்று வேலை செய்யவில்லை

கொக்குவில் பொடியன்: வீட்டில் இருந்து கணக்கு வேலை செய்கிறேன். ஒரு திரையில் எக்செல், மற்றதில் பில்கள் வைக்க விருப்பம். புது மொனிட்டர் கிராபிக்ஸ் கார்ட்டில் எச்டிஎம்ஐயில் நல்லா வேலை செய்கிறது, ஆனால் பழையதை மதர்போர்ட்டில் (கணினியின் முதன்மைப் பலகை) இருக்கிற விஜிஏ என்ற பழைய வகைப் போர்ட்டில் செருகினால் 'நோ சிக்னல்' என்றுதான் வருகிறது. வேறு கார்ட் வாங்க வேணுமோ?

சுன்னாகத்தார்: காசைக் கரியாக்காதையும் தம்பி. தனிக் கார்ட் போட்டால் பல மதர்போர்ட்டுகள் தங்கட வீடியோ போர்ட்டுகளை நிறுத்திவிடும், அதனால் ரெண்டையும் கார்ட்டிலேயே செருகும். கார்ட்டில் விஜிஏ இல்லையென்றால் டிஸ்ப்ளேபோர்ட்டில் இருந்து விஜிஏக்கு மாற்றி ஒன்று வாங்கும், சிப் உள்ளதாய்ப் பார்த்து. அப்புறம் விண்டோஸ் பட்டனோடு பி அழுத்தி 'எக்ஸ்டென்ட்' என்பதைத் தெரிவு செய்யும், ரெண்டு திரையிலும் வேறு வேறாய் வைக்கலாம்.

நல்லூர் தங்கச்சி: பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கிற அடிப்படை செட்டிங்) ஒன்போர்ட் கிராபிக்ஸை, அதாவது புரொசசருக்குள்ளேயே இருக்கிற கிராபிக்ஸை, எனேபிள் பண்ணியும் பார்க்கலாம் அண்ணா, செலவே இல்லை. ஆனால் இன்டெல் புரொசசர் பெயர் எஃப் என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸே கிடையாது. மவுஸ் எதிர்ப்பக்கம் போனால் டிஸ்ப்ளே செட்டிங்கில் 1, 2 பெட்டிகளை இழுத்து மாற்றுங்கோ.

கொக்குவில் பொடியன்: பயாஸில் சரி வந்திட்டுது, நன்றி! கரண்ட் போனால் யூபிஎஸ் ரெண்டையும் தாங்குமோ?

சுன்னாகத்தார்: எல்இடி மொனிட்டர் என்றால் பெரிய சுமையில்லை. கிராபிக்ஸ் கார்ட்தான் கூட இழுக்கும்.