வேலியோரம் கிடைக்கிறதை வெச்சு புதுசா சமைக்கிறது – பிரண்டை அரிப்பு, வரகு, பனம்பழம், சீம்பால்... தெரிஞ்சவங்க சொல்லுங்க

தோட்டத்துமருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். நான் சென்னையில பொறந்து வளர்ந்தவ. கல்யாணமாகி ஒன்பது வருஷம் அங்கேயே இருந்துட்டு போன தை மாசம்தான் வீட்டுக்காரர் ஊருக்கே வந்துட்டோம், காங்கேயத்துல இருந்து தாராபுரம் போற பக்கம், தோட்டத்துக்குள்ளயே வீடு. கொஞ்சம் தென்னை, மீதி கொறங்காடு (மாடு மேயுறதுக்கு வேலி போட்டு விட்ட நிலம்), ரெண்டு காங்கேயம் மாடு, நாட்டுக்கோழி ஒரு பதினஞ்சு. மளிகைக் கடைக்கு மூணு கிலோமீட்டர் போகணும், அங்க தக்காளி வெங்காயம் உருளைக்கிழங்கு தவிர பெருசா எதுவும் இருக்காது. அதனால யூடியூப்ல பாக்குற எந்த ரெசிபிய எடுத்தாலும் பாதி சாமான் நம்மகிட்ட இருக்காது, ஆனா வீட்டைச் சுத்திப் பாத்தா முருங்கை, பப்பாளி, சுண்டைக்காய், கிளுவை வேலி முழுக்க பிரண்டை, கோவைக்காய், முடக்கத்தான்னு கொட்டிக் கிடக்குது. இதை வெச்சே வாரத்துக்கு ரெண்டு புதுசு செஞ்சு பாக்கணும்னு ஆசைப்பட்டு ஆரம்பிச்சேன்.

இப்ப பிரச்சனை என்னன்னா, ரெண்டு வாரம் முன்னாடி பிரண்டை பறிச்சு கழுவி நறுக்கி, குக்கர்ல ரெண்டு விசில் விட்டு, தேங்காய் பச்சமிளகாயோட அரைச்சு சட்னி மாதிரி வெச்சேன். மாமா ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு தொண்டையப் புடிச்சுட்டு உக்காந்துட்டார், பையனுக்கு நாக்கெல்லாம் முள்ளு குத்துற மாதிரி இருக்குன்னு அழுகை. மோர் குடிச்சு குடிச்சு ஒரு மணி நேரத்துல சரியாச்சு, ஆனா எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. அதுக்கு அடுத்த வாரம் வரகுல பிசிபேளாபாத் செஞ்சேன், அது களி மாதிரி ஆயிடுச்சு, அதோட அத்தை "வரகு கிறுக்கு புடிக்கும், அதெல்லாம் வேண்டாம் சாமி"ன்னு தொடவே இல்ல. இதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குப் புரியல, நிஜமாவே அப்படி ஒண்ணு இருக்கா?

அப்புறம் கொறங்காட்டு ஓரத்துல பனை பத்துப் பன்னெண்டு நிக்குது, இப்ப பழம் விழுந்து மாடு சப்புனது போக மீதி அப்படியே கிடக்குது, பாக்கவே மனசு கேக்கல. இன்னொண்ணு, பெரிய மாடு ஆவணி கடைசியில கன்னு போடும்னு சொல்றாங்க, சீம்பால் நான் சாப்பிட்டதோட சரி, செஞ்சதில்ல. எது எதுக்கு என்ன பக்குவம்னு அனுபவப்பட்டவங்க சொன்னா ரொம்ப உதவியா இருக்கும். தப்பு நடந்துடுச்சுன்னு விட்டுட எனக்கு மனசில்ல.

கோபி அம்மிணி:

ஏனுங் அம்மிணி, மொதல்ல பிரண்டைக்கு வர்றேன். நீங்க பறிச்சது ஆடி மாசம், அந்தப் பக்கம் ஆடியில மழையும் இல்ல, காத்துதான் ஆளைத் தூக்கும். காஞ்ச கொடிய வேலியில இருந்து அறுத்து வந்திருப்பீங்க, அது நாரு புடிச்ச முத்தல். பிரண்டைக்குள்ள ஊசி ஊசியா கால்சியம் ஆக்சலேட்டுன்னு ஒரு உப்பு இருக்குது, சேனை, சேம்பெல்லாம் நாக்கை அரிக்குதே அதே சங்கதிதான். வெறும் தண்ணியில வேக வெச்சா அது போகாதுங்க, கூட புளியும் சேக்கல நீங்க. அதுதான் தொண்டையில குத்திருச்சு.

கொடியோட நுனியில இருந்து ரெண்டு கணு, மிஞ்சினா மூணு கணு, அவ்வளவுதான் எடுக்கோணும். ஒடிச்சுப் பாருங்க, டக்குனு முறிஞ்சா பிஞ்சு, வளைஞ்சு நாரு இழுத்துச்சுன்னா விட்டுருங்க. வாய்க்கா ஓரமா, தென்னைக்குத் தண்ணி பாயுற எடத்துல இருக்கற கொடியில எப்பவும் பிஞ்சு கெடைக்கும். கைக்கு நல்லெண்ணெய் தடவிட்டு நாலு ஓரத்து நாரையும் கணுவையும் சீவி எடுத்துருங்க. அப்புறம் வாணலியில நல்லெண்ணெய் ஒரு குழிக்கரண்டி தாராளமா ஊத்தி, நறுக்குன பிரண்டைய மிதமான தீயில வதக்கோணும், பச்சை நெறம் போயி பழுப்பாகி சுருங்கி பாதியா ஆகற வரைக்கும். பத்து நிமிசத்துக்குக் கொறையாது, அவசரப்படக் கூடாதுங்க. ஒரு கிண்ணம் பிரண்டைக்கு மூணு ஸ்பூன் உளுந்து, அஞ்சாறு வரமிளகா, சின்ன எலுமிச்சம்பழம் அளவு புளி, துளி வெல்லம், உப்பு. தேங்காய் வேணும்னா ரெண்டு சில்லு. அம்மியில கொரகொரன்னு அரைச்சு எடுங்க. அரைச்சதும் நீங்க துளியூண்டு நாக்குல வெச்சுப் பாத்துட்டு அஞ்சு நிமிசம் பொறுங்க. அரிப்பு இல்லைன்னாத்தான் அடுத்தவங்களுக்கு. எங்க ஆத்தா சொல்லிக் கொடுத்தது, நான் இன்னைக்கும் அப்படித்தான் பண்றேன், நாப்பது வருசமா பிரண்டை செய்யறேன் ஆனாலும் மொத வாய் எனக்குத்தான்.

புதுசு பண்றப்ப ஒண்ணு செய்யுங்க கண்ணு, ரசம் சோறு பொரியல்னு அன்னாடம் செய்யறது அப்படியே இருக்கட்டும், புதுசை ஒரு சின்னக் கிண்ணத்துல பக்கத்துல வையுங்க. தோட்டத்துல ஓடி ஆடி வேலை செஞ்சுட்டு வர்றவங்களுக்கு ஒரு மணிக்கு வயிறு நெறையோணும், அந்த நேரத்துல முழுச் சாப்பாட்டையும் மாத்துனா யாருக்கும் புடிக்காது. முடக்கத்தான்ல இருந்து ஆரம்பிச்சிருந்தா இந்தச் சங்கடமே இல்ல. ரெண்டு டம்ளர் இட்லி அரிசியும் ஒரு ஸ்பூன் வெந்தயமும் ஊற வெச்சு, ரெண்டு கை கீரையப் பச்சையாவே போட்டு அரைச்சு, ராத்திரி புளிக்க விட்டு தோசை ஊத்துங்க, கசப்பு தெரியாது. சுண்டைக்காய் வத்தல் மட்டும் இப்பப் போடாதீங்க, காத்து அடிச்சு மண்ணு விழும், பங்குனி சித்திரை வெயில்ல போட்டுக்கலாம்.

மானாவாரி:

பேரையூர் பக்கம் குதிரைவாலியும் வரகும் போடுறோம், அதனால வரகு பத்தி நான் சொல்றேன். உங்க அத்தை சொன்னது பொய் இல்ல சிஸ்டர், அவங்களைக் கோவிச்சுக்காதீங்க. அறுவடை நேரத்துல மழை புடிச்சு கதிர் நனைஞ்சு பூஞ்சை ஏறுச்சுன்னா அந்தத் தானியத்துல விஷம் சேரும், சைக்ளோபியசோனிக் ஆசிட்னு பேரு. அதைச் சாப்பிட்டா தலை சுத்தும், வாந்தி வரும், போதை ஏறுன மாதிரி தள்ளாடும், அதைத்தான் கிறுக்குன்னு பெரியவங்க சொல்றாங்க. 2024 அக்டோபர் கடைசியில மத்தியப் பிரதேசம் பாந்தவ்கர் காட்டுல பத்து யானை செத்துப்போச்சே, வரகுக் காட்டுல மேய்ஞ்சதுலதான்னு ஆய்வுல வந்தது, இதே விஷம்தான்.

அதுக்காக வரகே ஆகாதுன்னு இல்ல. நல்லாக் காஞ்ச வரகு வருஷக்கணக்குல கெடாது, கோயில் கலசத்துல வரகு போட்டு வைக்கிறது அதனாலதான். வாங்கும்போது கையில எடுத்து மோந்து பாருங்க, பூசண வாடை அடிச்சாலோ கறுப்புப் புள்ளி புள்ளியா இருந்தாலோ கழுவிச் சமைச்சுக்கலாம்னு நினைக்காதீங்க, கழுவுனாலும் வேக வெச்சாலும் அது போகும்னு நம்பி இறங்கக் கூடாது, தூக்கிப் போட்டுருங்க, மாட்டுக்கும் கோழிக்கும் போடாதீங்க. இன்னொரு விஷயம், உமியோட இருக்குற வரைக்கும்தான் தாங்கும், தீட்டி அரிசியாக்கிட்டா ரெண்டு மாசத்துல சிக்கு வாடை வந்துரும், அதனால கொஞ்சம் கொஞ்சமா வாங்குங்க.

களியானதுக்குக் காரணம் தண்ணி. பொன்னி அரிசிக்கு வைக்கிற மாதிரி ஒண்ணுக்கு மூணு நாலுன்னு வெச்சிருப்பீங்க. வரகரிசிய அரை மணி நேரம் ஊற வெச்சு வடிச்சுட்டு ஒரு டம்ளருக்கு ரெண்டு டம்ளர் தண்ணி போதும். பிசிபேளாபாத்துக்கு பருப்பும் காயும் தனியா குழைய வெந்து மசாலாவோட கொதிக்கட்டும், வரகைத் தனியா உதிரியா வடிச்சு கடைசியில கலந்து அஞ்சு நிமிஷம் தம்ல விடுங்க. எங்க வீட்டுல குதிரைவாலி தயிர்சாதம்தான் பிள்ளைகளுக்கு இஷ்டம், அத்தைக்கு வரகு மேல பயம் இருக்குன்னா அதுல இருந்து ஆரம்பிங்க, நீங்களே அரிசி வாங்குன இடத்தை அவங்ககிட்ட காட்டுங்க.

கிளிநொச்சிக் காணி:

பனம்பழம் வீணாப் போகுதெண்டு வாசிச்சுப் போட்டு எழுதாமல் இருக்க ஏலாமல் போச்சு. நாங்கள் கிளிநொச்சியில இருக்கிறம், எங்கட காணியில ஒரு நாப்பது பனை நிக்குது, ஆடி ஆவணியில காலமை எழும்பின உடன பழம் பொறுக்கிறதுதான் முதல் வேலை. விழுந்த அண்டைக்கே எடுக்கவேணும் தங்கச்சி, அடுத்த நாள் விட்டால் புழு வந்திடும்.

பனங்காய்ப் பணியாரம் செய்து பாருங்கோ. பழத்தைக் கழுவி அடுப்பு நெருப்பில சுத்திச் சுத்தி வாட்டினால் தோல் லேசா உரியும். பிறகு கொஞ்சம் சுடுதண்ணி தெளிச்சு கையால பிசைஞ்சு பிசைஞ்சு களியை எடுத்து, தும்பு, அதுதான் நார், இல்லாமல் மெல்லிய துணியில வடியுங்கோ. இந்தக் களி பச்சையா இருக்கேக்க காறும், கசக்கும். அதாலதான் சட்டியில போட்டு சீனியோட காய்ச்சவேணும், ரெண்டு கப் களிக்கு ஒரு கப் சீனி அளவு, கொதிச்சு பச்சை மணம் போய் நிறம் கொஞ்சம் கடுமையாகும், அப்ப இறக்கி நல்லா ஆறவிட்டு, வறுத்த கோதுமை மாவும் துளி உப்பும் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுக் குழையுங்கோ. கையில எடுத்தால் வழியக்கூடாது, உருட்டவும் ஏலக்கூடாது, அந்தப் பதம். விரலால சின்னன் சின்னனாக் கிள்ளி தேங்காயெண்ணெயில போட்டு மண்ணிறமாப் பொரிச்சு எடுங்கோ. காங்கேயம் பக்கம் தேங்காயெண்ணெய்க்கு என்ன பஞ்சம்! சுடச்சுட சாப்பிட வேண்டாம், அடுத்த நாள் சாப்பிட்டுப் பாருங்கோ, அப்பதான் அந்த வாசம் உள்ளுக்கு இறங்கி இருக்கும். என்ர அம்மம்மா பானையில போட்டு துணியால வாய் கட்டி வைப்பா, ஒரு நாள் பொறுக்கச் சொன்னால் நாங்கள் பானையைச் சுத்திச் சுத்தி வருவம்.

கொட்டையை எறியாதேங்கோ. மணலைக் குவிச்சுப் பாத்தி கட்டி நெருக்கமா அடுக்கி மூடி விடுங்கோ, மழை பெய்ய முளைவிட்டு தைப்பொங்கல் மட்டில கிழங்கு கிண்டலாம்.

தோட்டத்துமருமகள்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. கோபி அக்கா, நேத்து நீங்க சொன்ன மாதிரியே வாய்க்கா ஓரமா போயி ஒடிச்சு ஒடிச்சுப் பாத்து பறிச்சேன், டக்குனு முறியிறதுக்கும் நாரு இழுக்குறதுக்கும் இருக்குற வித்தியாசம் கைக்கு நல்லாவே தெரியுது. அத்தையே பக்கத்துல உக்காந்து நார் சீவிக் குடுத்தாங்க, "நானும் இப்படித்தான் செய்வேன், நீ கேக்கல, நானும் சொல்லல"ன்னாங்க. கேக்காதது என் தப்புதான். பனம்பழம் நாளைக்கு செய்யப் போறேன், கொட்டைக்கு மணல் கூட பார்த்து வெச்சாச்சு. சீம்பால் மட்டும் யாராவது சொல்லுங்களேன், கன்னுக்குப் போக நாம எடுக்கலாமா, அது தப்பில்லையா?

கட்டுத்தறி:

கன்னுக்குப் போக எடுக்குறதுன்னு கேட்டீங்க பாருங்க, அதுதான் முக்கியம். கன்னு பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடிச்சிரணும், பொறக்கும்போது அதுக்கு நோய் எதிர்ப்புன்னு ஒண்ணுமே கிடையாது, எல்லாம் அந்தப் பால்லதான் வருது. மொத நாள்ல உடம்பு எடையில பத்துல ஒரு பங்கு குடிக்கணும், இருபது கிலோ கன்னுன்னா ரெண்டு லிட்டர். காங்கேயம் மாடு பால் கொஞ்சமாத்தான் கறக்கும், அதனால மொத நாள் கை வைக்காதீங்க, முழுசும் கன்னுக்கே விடுங்க. ரெண்டாம் நாள் சாயங்காலமோ மூணாம் நாளோ கன்னு குடிச்சுட்டு வயிறு நெறஞ்சு தானா மடிய விட்டதுக்கு அப்புறம் ஒரு டம்ளர் கறந்துக்கலாம், மனசுக்கும் நிம்மதியா இருக்கும்.

சீம்பால்ல புரதம் ஜாஸ்தி, அதனாலதான் சூடு பட்டதும் முட்டை மாதிரி உறையுது. ஆனா நாளுக்கு நாள் அந்த உறையுற சக்தி கொறஞ்சுட்டே வரும், இத்தனை பாலுக்கு இத்தனைன்னு கணக்கு சொல்ல முடியாது. மொத நாள் பால்னா ரெண்டு பங்கு சாதாப் பால் சேப்பாங்க, மூணாம் நாள் பாலுக்கு எதுவுமே சேக்க வேண்டாம், அப்படியே வைக்கணும். வெல்லத்தைக் கரைச்சு வடிகட்டி ஆறினதுக்கு அப்புறம்தான் கலக்கணும், சூடா ஊத்துனா திரிஞ்சுரும். ஏலக்காய் தட்டிப் போட்டு, மொதல்ல ஒரே ஒரு ஸ்பூன் சின்னக் கிண்ணத்துல ஊத்தி இட்லிச் சட்டியில அஞ்சு நிமிஷம் வெச்சுப் பாருங்க, ஆடாம நின்னா முழுசையும் வைக்கலாம், தளதளன்னு ஓடுனா இன்னும் கொஞ்சம் சீம்பால் வேணும்னு அர்த்தம். முழுப் பாத்திரம் இருபது நிமிஷம் மிதமான ஆவியில, மேல ஒரு தட்டு மூடுங்க, தண்ணி சொட்டக் கூடாது.

தோட்டத்துமருமகள்:

மூணாம் நாள் வரைக்கும் பொறுத்துக்கறேன் அண்ணா. சொல்ல மறந்துட்டேன், நேத்து பிரண்டைத் துவையலை மொதல்ல நானே வாயில வெச்சு கடிகாரத்தைப் பாத்து அஞ்சு நிமிஷம் உக்காந்திருந்தேன், ஒண்ணும் பண்ணல. பையன் கிட்டயே வரல. மாமா சூடு சோத்துல நல்லெண்ணெய் விட்டு ஓரமா கொஞ்சம் பிசைஞ்சார், அப்புறம் கிண்ணத்தையே தன் பக்கம் இழுத்து வெச்சுக்கிட்டார்.