சுவரைக் காட்டிய அம்புக்குறி: நிலையப் பலகைகளால் வழி தவறிய அனுபவங்கள்

மூன்றாம் வாயில்:

இது நடந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. அந்த நிலையத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் நினைவு வந்து உறுத்துவதால் இந்த இணைய மன்றத்தில் எழுதுகிறேன். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்த அம்மாவை அழைத்துக்கொண்டு மெட்ரோவிலிருந்து இறங்கினேன். அவரால் படியேற இயலாது என்பதால் மின்தூக்கியின் படம் போட்ட பலகையைத் தேடினேன். உடனே கண்ணில் பட்டது. அது இடப்புறம் போகச் சொன்னது. நடைமேடையின் கோடியில் இன்னொரு பலகை இருந்தது. அதன்பின் ஒரு வளைவும், வளைவைத் தாண்டி மேல்நோக்கிய அம்புக்குறியுடன் மூன்றாவது பலகையும் இருந்தன. மேல்நோக்கிய அம்பு என்றால் நேராகப் போவதா, மாடி ஏறுவதா என்னும் குழப்பம் உங்கள் அனைவருக்கும் தெரிந்ததுதான். பக்கத்திலேயே படிக்கட்டும் இருந்ததால் சற்று நின்று யோசித்துவிட்டு நேராகவே நடந்தோம்.

பாதை ஒரு மரப்பலகைச் சுவரில் முடிந்தது. மற்றச் சுவர்களின் வண்ணத்தையே அதற்கும் பூசியிருந்தார்கள். அதன் உச்சியில் மின்தூக்கியின் படம், உள்ளிருந்து விளக்கு எரிய, பளிச்சென்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. அம்மா அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்து, "இதற்குள்ளேயா போகவேண்டும்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, விளக்கு எரியும் பலகை தவறாக இருக்காது என்று நம்பி, கதவு எங்கே என்று தடவிப் பார்த்தார். அந்தக் கைதான் எனக்கு மறக்கவில்லை. உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

கடைசிப் பெட்டி:

வழித்தடத்தை நீட்டுகிறவர்கள் பலகையை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். நான் வண்டி மாறும் நிலையத்தில் ஒரே நடைமேடையின் இருபுறமும் வண்டிகள் வந்து நிற்கும்; எது எந்தத் திசைக்குச் செல்கிறது என்பதைக் கடைசி நிலையத்தின் பெயரை வைத்துத்தான் அறிய வேண்டும். தடம் நான்கு நிலையங்கள் நீண்ட பிறகு வண்டியின் நெற்றியில் புதிய பெயர் ஒளிர்கிறது. தலைக்கு மேல் தொங்கும் பலகையிலோ பழைய பெயரே இருக்கிறது. போதாக்குறைக்குச் சில வண்டிகள் பழைய கடைசி நிலையத்தோடு திரும்பிவிடுவதால், பழைய பெயரை முற்றிலும் தவறு என்றும் தள்ளிவிட முடியாது.

ஒருநாள் இரவு, இரண்டு வண்டிகளும் ஒன்றாக வந்து நின்றபோது, தோளில் பையுடன் ஒருவர் என்னைப் போலவே பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு நிலையத்தின் பெயரைச் சொல்லி எந்த வண்டி என்று கேட்டார். நானும் அங்கேதான் போக வேண்டியிருந்தது. வாயில்கள் மூடும் ஒலி எழுந்ததும் அவர் இடப்புற வண்டியிலும் நான் வலப்புற வண்டியிலும் தாவி ஏறினோம். கண்ணாடிக்கு அப்பால் அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்களில் ஒருவர் தவறான வண்டியில் நிற்கிறோம் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த நிலையத்தின் பெயரை அறிவித்தபோது அந்த ஒருவர் யார் என்பது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் அதே நொடியில் தெரிந்திருக்கும்.

நேர்க்கோடு:

முதல் பதிவர் கூறும் மேல்நோக்கிய அம்பில் குழப்பம் ஏதுமில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நான் பல ஆண்டுகள் பலகை எழுதும் தொழிலில் இருந்தவன். நிலையங்களில் மேல்நோக்கிய அம்பு பொதுவாக நேராகச் செல்வதைக் குறிக்கும். படியேறுவதற்குச் சாய்வான அம்பு வரையப்படும். நெடுஞ்சாலையில் தலைக்கு மேல் தொங்கும் பலகைகளில் கீழ்நோக்கிய அம்பு இந்தத் தடத்திலேயே செல் என்று பொருள்படும். அதைப் பார்த்து யாரும் பூமிக்குள் வண்டியை இறக்குவதில்லை.

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. தவறான வாயிலில் வெளியேறி, மழையில் ஓர் அகலச் சாலையைக் கடக்க நேர்ந்தது, அவ்வளவுதான்.

நிலையப் பலகைகளுக்கென்று ஓர் இலக்கணம் உருவாவதற்கு நெடுங்காலம் பிடித்தது என்பதை நண்பர்கள் உணர வேண்டும். இலண்டன் சுரங்க இரயிலுக்கு எட்வர்டு ஜான்ஸ்டன் தனி எழுத்துரு வரைந்து தந்தது 1916இல். நியூயார்க்கில் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நிறுவனங்கள் பதித்த ஓடுகளாலான எழுத்துகளும் எனாமல் தகடுகளும் கையால் எழுதிய பலகைகளும் ஒன்றோடொன்று முரண்பட்டு நின்ற நிலையை மாற்றுவதற்காக, வடிவமைப்பாளர்கள் மசிமோ விஞெல்லியும் பாப் நோர்டாவும் 1970இல் ஒரு தரக் கையேட்டை உருவாக்கினார்கள். பயணி முடிவெடுக்க வேண்டிய இடத்தில்தான் தகவல் இருக்க வேண்டும், அதற்கு முன்னும் கூடாது, பின்னும் கூடாது என்பது அதன் அடிப்படை. இதைப் பயணிகளும் அறிந்து வைத்திருப்பது நல்லது. வண்டியிலிருந்து இறங்கியதும் கூட்டத்தோடு ஓடாமல் ஒரு தூணருகே ஒதுங்கி நில்லுங்கள். போகவேண்டிய வாயிலின் எண்ணை வீட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கடைசி நிலையத்தின் பெயரோடு, நீங்கள் இறங்கும் நிலையத்துக்கு முந்தைய நிலையத்தின் பெயரையும் மனத்தில் இருத்துங்கள்; அது வராவிட்டால் திசை தவறிவிட்டது என்று பொருள். சுற்றுப்புற வரைபடத்தைப் பயண அட்டையைக் காட்டி வெளியேறுவதற்கு முன்பே பாருங்கள், ஏனெனில் வெளியேறிய பிறகு மறுபுற வாயிலுக்குச் செல்ல மீண்டும் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கலாம். மின்தூக்கி தேவைப்படுவோர் புறப்படும் முன் விசாரித்துக்கொள்வதும் அவர்களின் பொறுப்பே.

மூன்றாம் வாயில்:

நேர்க்கோடு அவர்களுக்கு: அம்பின் இலக்கணத்தை நான் சரியாகவே படித்தேன் என்பதை உங்கள் விளக்கமே உறுதி செய்கிறது. நேராகப் போனோம், அங்கே சுவர் இருந்தது.

சாம்பல் கோடு:

முடிவெடுக்கும் இடத்தில் தகவல் இருக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் அனுபவத்தில் தகவல் அங்கேதான் இருந்தது, ஆனால் அது எனக்குப் புலப்படவில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் எனக்குப் பிறவியிலேயே குறைபாடு உண்டு. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டுள்ளார்கள். பிற மக்களிடையே விகிதம் குறைவு என்றாலும் எங்களைப் போன்றோர் எங்கும் இருக்கிறோம்.

அந்த நிலையத்தில் வண்டி மாறுவதற்கு, "பச்சைக் கோட்டைப் பின்தொடருங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தது. தரையில் இரண்டு கோடுகள் இணையாக ஓடி, தேய்த்துத் தேய்த்துக் கழுவிய தரையில் பாதி அழிந்து, ஒரு திருப்பத்தில் இரண்டாகப் பிரிந்தன. எனக்கு இரண்டும் காய்ந்த இலையின் நிறம். அங்கே நின்றிருந்த ஒரு பள்ளிச் சிறுவனிடம் எது பச்சை என்று கேட்டேன். என்னைச் சோதித்துப் பார்க்கும் ஆசிரியர் என்று எண்ணிக்கொண்டானோ என்னவோ, "இது பச்சை, அது சிவப்பு, தூணில் இருப்பது மஞ்சள்" என்று கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, பாராட்டுக்காகக் காத்து நின்றான். நானும் பாராட்டிவிட்டுத்தான் வந்தேன்.

கோட்டின் பக்கத்தில் ஓர் எழுத்து இருந்திருந்தால் போதும். டோக்கியோ மெட்ரோவில் 2004 முதல் ஒவ்வொரு நிலையத்துக்கும் தடத்தைக் குறிக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் உண்டு. கின்சா தடத்தில் கின்சா நிலையம் ஜி 09. மொழியும் வேண்டாம், நிறமும் வேண்டாம்.

பாட்டியின் பேரன்:

எண்ணும் எழுத்தும் போதும் என்பதை என் பாட்டி ஒப்புக்கொள்ள மாட்டார், ஏனெனில் அவருக்கு இரண்டுமே வாசிக்கத் தெரியாது. ஆயினும் வாரம் ஒருமுறை தனியாக என் அத்தை வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அவருடைய பலகை, இறங்கும் நிலையத்தின் எதிர்ச்சுவரில் இருந்த ஒரு விளம்பரம். உதட்டில் பால் மீசையோடு ஒரு குழந்தை சிரிக்கும். குழந்தை தெரிந்தால் பாட்டி இறங்குவார். நிலையத்தின் பெயரே அவருக்குப் "பால்குடிக் குழந்தை"தான்.

ஒரு வாரம் அந்த விளம்பரத்தை எடுத்துவிட்டு ஏதோ ஒரு காரின் படத்தை மாட்டிவிட்டார்கள். பாட்டி தடத்தின் கோடிவரை சென்று, அதே வண்டியில் திரும்பி, மறுபடியும் கோடிவரை சென்றிருக்கிறார். அத்தை தேடிக் கண்டுபிடித்தபோது, "குழந்தையை எங்கே கொண்டுபோனார்கள்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

மெக்சிகோ நகரில் 1969இல் மெட்ரோ திறந்தபோதே நிலையத்துக்கு ஒரு சித்திரம் என்று லான்ஸ் வைமன் வடிவமைத்துக் கொடுத்தார். சப்புல்தெபெக் நிலையத்துக்கு ஒரு வெட்டுக்கிளி, ஏனெனில் அந்தப் பெயருக்கே வெட்டுக்கிளிக் குன்று என்று பொருள். படிக்கத் தெரியாதவர்களும் மெட்ரோவில் ஏறுவார்கள் என்பதை எண்ணிப் பார்த்துச் செய்த வேலை அது. பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "அந்த வெட்டுக்கிளியை யாரும் கழற்ற மாட்டார்களே?" என்றார்.

விரல்ரேகை:

நிலையச் சுவரில் உள்ள வரைபடத்தைப் பற்றி யாரும் சொல்லாதது வியப்பாக இருக்கிறது. "நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்" என்னும் புள்ளியை வருவோர் போவோர் எல்லாரும் விரலால் தொட்டுத் தொட்டு, நான் பார்த்த வரைபடத்தில் அந்த இடமே வெளுத்துப்போய் ஒரு நாணயத்தின் அளவுக்கு வெள்ளையாகிவிட்டது. நகரம் முழுவதும் தெளிவாக இருந்தது. நான் நின்ற இடம் மட்டும் இல்லை. வெளுத்த இடம்தான் நான் நிற்கும் இடம் என்று புரிவதற்குச் சில நிமிடங்கள் ஆயின.

புரிந்த பிறகும் எதிர்த்திசையில்தான் நடந்தேன். நான் தெற்கு நோக்கி நின்றிருந்தேன், வரைபடத்தின் தலைப்பக்கம் வடக்காக இருந்தது. எனவே படத்தின் வலம் என் இடமாகிவிட்டது. இப்படித் திரும்பி நிற்கும் வரைபடம் மனிதர்களை நேர் எதிர்ப்பக்கம் அனுப்பிவிடும் என்பதை உளவியலாளர் மார்வின் லெவின் 1980களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். இவ்வளவு காலம் கழித்தும் ஆணி அடிக்கும் ஊழியருக்கு அது எட்டவில்லை.

இரண்டாம் ஷிப்ட்:

ஆணி அடிக்கும் ஊழியரைக் குறை கூற வேண்டாம். எந்த ஊர் என்று சொல்லாமல், ஒரு நிலையத்தில் பணிபுரிபவன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். எங்களிடத்தில் மின்தூக்கியைப் பழுதுபார்ப்பவர் ஒரு ஒப்பந்தக்காரர், மரச்சுவர் எழுப்புபவர் வேறொருவர், பலகைக்கு உரியவர் மூன்றாமவர். சுவர் எழுப்புபவரின் வேலைப் பட்டியலில் பலகையை அணைப்பது என்று ஒரு வரி இல்லாவிட்டால் அது எரிந்துகொண்டேதான் இருக்கும். ஒரு பலகையை மாற்ற எழுதிக் கேட்டால் ஒப்புதல் வருவதற்குள் அந்த வேலையே முடிந்துவிடும். ஆகவே நாங்கள் வெள்ளைத் தாளில் அச்சிட்டு ஒட்டுகிறோம்.

அப்படி ஒட்டிய ஒரு தாளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஒரு வாயிலை மூடியிருந்ததால், வலப்புறம் செல்லுமாறு பெரிய அம்பு ஒன்றை அச்சிட்டு, படிக்கட்டின் உச்சியில் மேல்மூலைகள் இரண்டிலும் ஒட்டினேன். சுரங்கத்தில் வண்டி வரும்போது தனக்கு முன்னாலுள்ள காற்றை ஓர் உந்துதண்டைப் போலத் தள்ளிக்கொண்டு வரும். அந்தக் காற்று படிக்கட்டின் வழியாகத்தான் மேலேறும். மாலைக்குள் வலமூலை பிரிந்துவிட்டது. தாள் இடமூலையில் தொங்கியபடி சரிந்து, என் அம்பு கீழ்நோக்கித் திரும்பிவிட்டது. நான் வேறு பக்கம் இருந்தேன். மக்கள் அதைப் பார்த்து, இப்போதுதான் ஏறி வந்த நடைமேடைக்கே திரும்ப இறங்கியிருக்கிறார்கள். ஒரு பெரியவர் மூன்றாம் முறை ஏறி வந்து, மூச்சு வாங்க என் முன் நின்று, "தம்பி, கீழே வழியில்லை" என்று எனக்குத் தகவல் தெரிவிப்பவரைப் போலச் சொன்னார். அதை எழுதி ஒட்டியவன் நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

நேர்க்கோடு:

தாளை நான்கு மூலைகளிலும் ஒட்டியிருக்க வேண்டும். அதுவும் தாளின் பின்புறம் முழுவதும் பசை தடவுவதே முறை. ஈரப்பதம் மிகுந்த சுரங்கங்களில் ஒட்டுநாடா நிற்காது. தாளின் மேல் பிளாஸ்டிக் உறை இட்டு, ஒட்டிய நாளையும் அகற்ற வேண்டிய நாளையும் அடியில் குறித்திருந்தால் இத்தகைய குறைகள் பாதி குறைந்திருக்கும். மின்தூக்கி பற்றி முன்னர் எழுதியதில் கடைசி வாக்கியத்தை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மூன்றாம் வாயில்:

நன்றி. நேற்று மருத்துவரைப் பார்ப்பதற்காக அம்மாவோடு மீண்டும் அந்த நிலையத்தில் இறங்க நேர்ந்தது. மரச்சுவர் அப்படியே இருந்தது, படமும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஆனால் சுவரில் யாரோ பேனாவால், "மின்தூக்கி இல்லை. இடப்புறம் சுற்றிச் செல்லவும்" என்று எழுதியிருந்தார்கள். அதில் "இடப்புறம்" என்பதை அடித்துவிட்டு வேறொரு கையெழுத்தில் "வலப்புறம்" என்று எழுதியிருந்தது. அதையும் அடித்து, மூன்றாவதாக ஒருவர் மீண்டும் "இடப்புறம்" என்று எழுதியிருந்தார். இரண்டாம் ஷிப்ட் அவர்கள் சொன்ன வெள்ளைத் தாள் எதுவும் அங்கே இல்லை. நான் சுற்றுமுற்றும் ஊழியர் எவராவது தென்படுகிறாரா என்று தேடிக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவருக்கு மிக அருகே சென்று, எந்த மை மங்காமல் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.