மூன்று வேளைச் சாப்பாடு உறுதியில்லாதவருக்கு சர்க்கரை மருந்தை எப்படி அமைப்பது?

கிளினிக்_நர்ஸ்
வீடில்லாதவர்கள் அதிகம் வரும் கிளினிக். சர்க்கரை நோயாளிகள் பலருக்கு எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் டெஸ்ட்) 10-க்கு மேல். அதே ஆள்தான் சுகர் 50-க்கு இறங்கி, வியர்த்து, தள்ளாடியபடி வருகிறார். பெரும்பாலானவர்களுக்கு கிளிபென்கிளமைட், மெட்ஃபார்மின் மாத்திரைகள், சிலருக்கு 30/70 இன்சுலின் (வேகமாகவும் மெதுவாகவும் வேலை செய்யும் இரண்டும் கலந்தது). டோஸைக் கூட்டினால் மயக்கம், குறைத்தால் 300. "சாப்பிட்டீங்களா?" என்றால் எல்லோரும் "ஆச்சு" என்கிறார்கள். என்ன கேட்பது? எதை மாற்றச் சொல்லி டாக்டரிடம் பேசுவது?

பொதுமருத்துவம்
சிஸ்டர், அந்தக் கேள்விக்கு யாரும் "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். கூச்சம். "மருந்து அளவை முடிவு செய்ய எல்லோரிடமும் இதைக் கேட்கிறோம்" என்று ஆரம்பித்து இரண்டு விஷயம் கேளுங்கள். கடந்த 12 மாதத்தில், கையில் காசு வருவதற்குள் சாப்பாடு தீர்ந்துவிடுமோ என்ற கவலை இருந்ததா? உண்மையிலேயே தீர்ந்துபோய், வாங்க வழியில்லாமல் இருந்ததா? ஏதாவது ஒன்றுக்கு "அடிக்கடி" அல்லது "சில சமயம்" என்றாலே போதும், உணவு உறுதியில்லை என்று எழுதிக்கொள்ளலாம். அடுத்து, "நேற்று காலையிலிருந்து எத்தனை மணிக்கு என்ன வாயில் போட்டீங்க?" இதில்தான் உண்மை வெளிவரும்.

300-க்கும் 50-க்கும் காரணம் ஒன்றுதான். கிடைக்கும்போது மாவுச்சத்தாகவே கிடைக்கிறது, அடுத்த வேளை நிச்சயமில்லாததால் வயிறு முட்டச் சாப்பிடுகிறார்கள். கிடைக்காத நாளிலும் மாத்திரை மட்டும் தவறுவதில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2000 முதல் 2008 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஏழைகள் லோ சுகரால் அட்மிட் ஆவது மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவீதம் அதிகமாக இருந்தது. வசதியுள்ளவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை.

முதலில் நிறுத்த வேண்டியது கிளிபென்கிளமைட். ஒரு நாள் முழுக்க வேலை செய்யும், கிட்னி பழுதென்றால் இன்னும் நீளும். மெட்ஃபார்மினை மட்டும் எடுத்தால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். ஆனால் குடிப்பழக்கம் கடுமையாக இருந்தால் கொடுக்க வேண்டாம். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையும் இவர்களுக்குச் சரிவராது. பட்டினியில் கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்தான நிலை) வரலாம், சுகர் 200-க்குள் இருந்தாலும். தவிர, அடிக்கடி சிறுநீர் போகவைக்கும் மருந்தைக் கழிப்பறையே இல்லாதவருக்கு எப்படிக் கொடுப்பது? 30/70-க்குப் பதில், டைப் 2-க்கு நீண்டநேரம் வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலின், தினம் ஒரு தடவை, குறைந்த அளவில்.

எச்பிஏ1சி-யை மட்டும் நம்பாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை அதை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

கிளினிக்_நர்ஸ்
டைப் 1 (உடலில் இன்சுலின் சுரக்காத) ஆட்களும் உண்டு. சாப்பாடு இல்லாத நாளில் ஊசியே வேண்டாம் என்று சொல்லலாமா?

பொதுமருத்துவம்
கூடவே கூடாது. நீண்டநேர இன்சுலினை நிறுத்தினால் கீட்டோஅசிடோசிஸ், உயிருக்கே ஆபத்து. சாப்பாட்டுக்கான வேக இன்சுலினை மட்டும் விடலாம். அதையும் தட்டு கைக்கு வந்த பிறகு, தேவையென்றால் சாப்பிட்டு முடித்த உடனே போடச் சொல்லுங்கள்.

மயங்கி வந்தால்: நினைவிருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது சர்க்கரை 3 டீஸ்பூன் தண்ணீரில். 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட். 70-க்குக் கீழே என்றால் இன்னொரு தடவை. நினைவில்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். ஈரலில் சேமித்த சர்க்கரையை வெளியே விடவைக்கும் குளுக்ககான் ஊசியும் பட்டினி கிடந்தவரிடம் சரியாக வேலை செய்யாது, ஈரலில் சேமிப்பே இருக்காது. நரம்பு வழி டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) தான், கூடவே தயமின் (வைட்டமின் பி1). கிளிபென்கிளமைட் போட்டவர் தெளிந்ததும் அனுப்பிவிட வேண்டாம். சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும்.

மருந்தாளுநர்
இன்சுலின் எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களா? பிரித்த பாட்டில் 30 டிகிரிக்குள் பொதுவாக 28 நாள் தாங்கும். வெயிலில் கிடந்த பையில் தாங்காது. 30/70-ஐ மெதுவாக உருட்டிப் பார்த்தும் கட்டிகள் மிதந்தாலோ கண்ணாடியில் வெண்படலம் ஒட்டினாலோ தூக்கிப் போட வேண்டியதுதான். சூட்டில் வீரியம் போன மருந்து பார்வைக்கு நன்றாகவே இருக்கும் என்பதுதான் சிக்கல். ஒரு மாதத்துக்கு மொத்தமாகக் கொடுக்காமல், வாரத்துக்கு ஒன்றாகக் கிளினிக் ஃபிரிட்ஜிலிருந்து கொடுங்கள். தொலைந்தாலும் திருடு போனாலும் நஷ்டம் குறையும்.

காயப்பராமரிப்பு
கால்களை விட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு வருகையிலும் செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள். கறுத்த தோலில் சீழ்ப்பிடிப்பு "சிவப்பாக" தெரியாது. ஊதா, சாம்பல், அல்லது சுற்றிலும் இன்னும் கருமை. பாடங்களில் வெள்ளைத் தோல் படங்களே பெரும்பாலும் இருந்ததால் பலருக்குக் கண் பழகவில்லை. புறங்கையை இரண்டு பாதத்திலும் வைத்துச் சூட்டை ஒப்பிடுங்கள்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டரிலும் தோல் நிறத்தால் இதே கோளாறு. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி 92–96 காட்டியபோது உண்மையான ஆக்சிஜன் 88-க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6. மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் சொன்னால் கருவியைவிட அவரை நம்புங்கள்.

இன்னொன்று. கேஸ் ஷீட்டில் "சொன்ன பேச்சு கேட்பதில்லை" என்று எழுதாதீர்கள். அடுத்த டாக்டர் அதைப் படித்துவிட்டுத்தான் அவர் முகத்தையே பார்ப்பார். "நேற்று இரவு முதல் உணவில்லை, ஊசி போடவில்லை" என்று எழுதுங்கள். அதைப் பார்த்தால் டோஸைக் கூட்ட யாருக்கும் கை வராது.