புதுப்பிப்பு: பாப்பா போட்டோவும் ஆன்லைன் போட்டியும்

எட்டு மாதப் பாப்பாவை வீட்டிலேயே நல்லபடியாகப் படமெடுத்து ஆன்லைன் போட்டிக்கு அனுப்புவது எப்படி என்று கேட்டிருந்தேனே, நீங்கள் சொன்னபடியே ஃபிளாஷை அணைத்துவிட்டு, திருப்பரங்குன்றம் வீட்டில் காலை வெயில் விழும் ஜன்னல் கம்பியில், வெளிச்சம் மென்மையாக விழும்படி வெள்ளை வேட்டியைக் கட்டி, தரையில் குப்புறப் படுத்து அவள் கண் மட்டத்தில் போனைப் பிடித்து எடுத்தேன். லென்ஸுக்குப் பக்கத்தில் அப்பத்தா கிலுகிலுப்பையை ஆட்ட, பர்ஸ்ட் மோடில் (படபடவென்று தொடர்ந்து பல படம் எடுக்கும் முறை) எடுத்ததில் ஒன்றில் கீழ்ப்பல் இரண்டும் தெரியச் சிரிக்கிறாள், அவ்வளவு அழகு!

போட்டி விஷயத்தில்தான் கவனம் வேண்டும். ஓட்டுக்குப் பணம் கட்டச் சொன்ன போட்டியை விட்டுவிட்டேன். படத்தை விளம்பரத்துக்கு இஷ்டப்படி பயன்படுத்துவோம் என்று விதியில் இருந்தால் தயவுசெய்து அனுப்பாதீர்கள், நம் பிள்ளை முகம் அது. நடுவர்களே தேர்வு செய்கிற ஒன்றுக்கு, படத்தில் பதிவாகியிருந்த இட விவரத்தை நீக்கிவிட்டு அனுப்பியாச்சு. முடிவு வந்ததும் சொல்கிறேன்.